நெல்லும் பனையேறியும் நாமும்



உயிர்களுக்குப் பெயரிட்டு இனம் பிரிப்பது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. உண்ணத் தகும் கிழங்கு எது, நஞ்சு எது என்று பிரித்தறியாதவன் நெடுநாள் வாழ்ந்திருக்க முடியாது. ஆகையால் உயிர்களை வகைப்படுத்தும் கலை பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று எண்ணிவிட வேண்டா. அது காட்டிலும் வயலிலும் பிறந்து, பிற்காலத்தில்தான் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றது.

காவிரிப் பாசனத்தில் வாழும் நேயர்கள் இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வயலைப் பாருங்கள். எங்கும் ஒரே பச்சை. அப்பச்சையில் நெல்லும் உண்டு. நெல்லைப் போலவே வேடம் பூண்டு நிற்கும் ஒருவகைப் புல்லும் உண்டு. குதிரைவாலித் தானியத்துக்கு நெருங்கிய உறவான களைப்புல் அது. வரப்பில் குடைபிடித்து நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். குனிந்து களையெடுக்கும் பெண்ணுக்கு அப்படித் தோன்றுவதில்லை. விரல் பட்ட மாத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே செல்கிறாள். எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டால், பார்த்தாலே தெரியவில்லையா என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். தாவர நூலார் அதே வேறுபாட்டைச் சொல்லும் முறை வேறு. நெல்லில், தண்டைச் சுற்றிய உறையிலிருந்து இலை விரியும் இடத்தில் நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் இருபுறமும் காது போன்ற சிறு மடல்கள் இருக்கும். களைப்புல்லுக்கு அந்த நாக்கும் இல்லை, காதும் இல்லை.

இச்சிறு செய்தியிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. எதை எதனின்று பிரிப்பது என்பது ஒன்று. பிரித்தவற்றை எம்முறையில் அடுக்குவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குக் கூரிய கண்ணும் பழக்கமும் போதும். இரண்டாம் கேள்வியில்தான் மனிதர் நெடுங்காலம் தடுமாறினர். ஏனெனில் எல்லா உயிரையும் அடுக்கும்போது, அடுக்குகிறவன் தன்னையும் எங்கேனும் ஓரிடத்தில் வைத்தாக வேண்டியிருக்கிறது.

தமிழில் இம்முயற்சியின் மிகப் பழைய பதிவு தொல்காப்பியத்தின் மரபியலில் உள்ளது. அந்நூலின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எக்காலத்தது என்று கொண்டாலும் வியப்புக் குறைவதில்லை. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கிறார் தொல்காப்பியனார். தொடுஉணர்வு மட்டும் உடையவை புல்லும் மரமும், அவை ஓரறிவுயிர். நாவின் உணர்வும் சேர்ந்தவை நத்தையும் இப்பியும் போன்றவை. மூக்கின் உணர்வும் கூடியவை கறையானும் எறும்பும். கண்ணும் கூடியவை நண்டும் தும்பியும். செவியும் கூடியவை விலங்கு முதலியன. மனமும் கூடியவன் மனிதன். சமண நூல்களிலும் புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களைப் பிரிக்கும் முறை உண்டு.

இது ஓர் ஏணி. அடிப்படியில் புல், மேற்படியில் நாம். புலன்களை அளக்கும் கோலாக இதனை இன்று ஏற்க இயலாது. நத்தைக்குக் கொம்பின் நுனியில் கண் உண்டு. எறும்புகள் பலவற்றுக்கும் கண் உண்டு. மரம் ஒளியையும் ஈரத்தையும் உணர்ந்து வளைகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் எவ்வெவற்றைச் சேர்த்து நிறுத்தினார் என்று பாருங்கள். நத்தையும் இப்பியும் ஒரு படியில் நிற்கின்றன. இன்றைய விஞ்ஞானம் இரண்டையும் மெல்லுடலிகள் என்று ஒரே தொகுதியில் வைக்கிறது. நண்டும் தும்பியும் ஒரு படியில் நிற்கின்றன. கடலோர நண்டுக்கும் பூவைச் சுற்றும் தும்பிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். இரண்டும் கணுக்காலிகள், அதுமட்டுமன்று, பூச்சிகள் யாவும் நண்டு, இறால் முதலியவற்றின் குலத்திலிருந்தே கிளைத்தவை என்பது அண்மைக்கால ஆராய்ச்சியின் முடிவு. தொல்காப்பியனார் இதனை அறிந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமை கொள்வது அவருக்கும் நன்மை அன்று, நமக்கும் நன்மை அன்று. அவர் கொண்ட காரணம் வேறு. எனினும் நல்ல கண்கள் உற்று நோக்கின என்பது தெரிகிறது.

அம்மரபியலிலேயே தஞ்சை நாட்டினர் சுவைக்கத்தக்க செய்திகள் வேறு இரண்டு உள்ளன. உள்ளே வயிரம் பாய்ந்தது மரம், புறத்தே வயிரம் உடையது புல் என்று அந்நூல் இலக்கணம் வகுக்கிறது. அவ்விலக்கணப்படி வேம்பும் புளியும் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் எவ்வளவு உயர்ந்தாலும் புல்! இன்றைய தாவர நூலும் நெல், மூங்கில், பனை, தென்னை, வாழை ஆகியவற்றை ஒருவிதையிலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைக்கிறது. நெல்லும் மூங்கிலும் ஒரே குடும்பம். வயலில் நிற்கும் நெல்லுக்கு, வரப்பில் நிற்கும் வேம்பைக் காட்டிலும் தென்னையே நெருங்கிய சுற்றம்.

மற்றொரு செய்தி இளமைப் பெயர்களைப் பற்றியது. ஓரறிவுயிர்களின் இளமையைப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று கூறலாம் என்கிறது மரபியல். இன்றும் நாம் தென்னம்பிள்ளை என்கிறோம், வாழைக்கன்று என்கிறோம். ஆனால் நெல்லுக்கும் புல்லுக்கும் அப்பெயர்கள் பொருந்தா என்று விலக்கும் கூறுகிறது. அது சரியே அன்றோ? நெற்கன்று என்று எவரும் சொல்வதில்லை. நாற்று என்றே சொல்கிறோம். இனி மனிதக் குழந்தைக்கு வருவோம். அதற்கு உரியவை குழவி, மகவு என்னும் இரண்டே பெயர்கள் என்கிறது அந்நூல். அவ்விரண்டையுமே குரங்கின் குட்டிக்கும் வழங்கலாம் என்றும் அதே நூல் இடம் தருகிறது. குழவி என்னும் பெயர் யானைக்கும் பசுவுக்கும் எருமைக்கும்கூட உண்டு. சொல்வழக்கைப் பதிவு செய்கிற இலக்கண ஆசிரியர், உறவு கூறவில்லை. ஆயினும் ஏணியின் உச்சியில் மனிதனைத் தனியே நிறுத்திய அதே மரபு, தொட்டிலில் அவனைக் குரங்கோடு சேர்த்துக் கிடத்தியிருக்கிறது.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கிருந்து விரைவிலேயே நம் கடற்கரைக்குத் திரும்பிவிடுவோம். ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1735ஆம் ஆண்டில் இயற்கையின் ஒழுங்கு முறையைப் பற்றிச் சில பக்கங்களே கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரட்டைப் பெயரிடும் முறையைப் பின்னர் நிலைநாட்டியவர் அவரே. நெல்லுக்கு ‘ஒரைசா சட்டைவா’ என்னும் பெயரை 1753இல் சூட்டினார். அவர் செய்தவற்றுள் துணிச்சலானது வேறு. மனிதனை அவர் ஏணியின் உச்சியில் வைக்கவில்லை. குரங்குகளோடு ஒரே பெட்டியில் வைத்தார். மற்ற விலங்குகளுக்கெல்லாம் அடையாளங்களை எழுதியவர், மனிதனுக்கு நேரே அடையாளம் ஒன்றும் எழுதாமல், உன்னை நீயே அறிந்துகொள் என்று மட்டும் அறிவுறுத்தினார். சமயத் தலைவர்களும் அறிஞர்களும் சினந்தனர். 1747இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மனிதனைக் குரங்கினின்று பேரின அளவில் பிரிக்கும் உடற்கூற்று வேறுபாடு ஒன்றை எவரேனும் காட்டட்டும், தமக்குத் தெரியவில்லை என்று அறைகூவினார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெட்டிக்கு ‘பிரைமேட்டுகள்’ என்று பெயரிட்டார். அதில் மனிதன், குரங்கு, தேவாங்கு ஆகியவற்றோடு வௌவாலையும் சேர்த்திருந்தார். பிற்காலத்தார் வௌவாலை வெளியேற்றிவிட்டனர், நம்மை வெளியேற்றவில்லை.

லின்னேயஸின் மாணவர் ஒருவர் தஞ்சை நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர் ஆட்சி நடந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் அவர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் அலைகளை நோக்கி நிற்கிறது. அங்கிருந்த சமயப் பணியாளருக்கு மருத்துவராக 1768இல் வந்தவர் யோஹான் ஜெரார்டு கோனிக். மருத்துவம் அவர் தொழில். செடிகொடிகள் அவர் உயிர். இந்நாட்டுச் செடிகளைச் சேகரித்துத் தம் ஆசிரியருக்கும் பிறருக்கும் அனுப்பினார். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைக்கு 1771இல் லின்னேயஸ் இட்ட பெயர் ‘பெர்கெரா கோனிகி’. அதில் உள்ள கோனிக் இவரே. நாம் தாளிக்கும்போதெல்லாம் ஒரு பழைய தரங்கம்பாடிவாசியின் பெயரையும் சேர்த்தே எண்ணெயில் போடுகிறோம்.

கோனிக்குக்குப் பின் அவ்வூரில் இயற்கை ஆராய்ச்சி தொடர்ந்தது. 1776இல் வந்த ராட்லர் செடிகளை ஆராய்ந்தார். தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பவர் மீன்களில் ஈடுபட்டார். அவர் அனுப்பிய மீன்களை ஆராய்ந்து பெயரிட்டவர் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் புளோக். நன்றியறிதலாக ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்றே அவர் பெயரிட்டார். ஜான் அனுப்பிய செய்திகளுள் ஒரு மீனின் தமிழ்ப் பெயரும் இருந்தது. பனையேறி என்பதே அது.

பனையேறிக் கெண்டையை நம்முள் பலர் பார்த்திருப்போம். மழை பெய்து வாய்க்காலும் குளமும் நிரம்பும் நாளில், ஒரு நீர்நிலையை விட்டு மற்றொன்றுக்குத் தரை வழியே செவிள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து செல்லும் மீன் அது. 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தரங்கம்பாடியில் டேனியப் படையதிகாரியாக இருந்த தால்டார்ஃப், குளக்கரைப் பனை ஒன்றின் பட்டை வெடிப்பில் நீருக்கு மேல் சுமார் ஐந்தடி உயரத்தில் இம்மீன் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதனை வெளியிட்டது. ஐரோப்பாவில் பெரும் விவாதம் எழுந்தது. பறவை எதுவோ தூக்கிச் சென்று பனையில் போட்டிருக்க வேண்டும் என்று பிற்காலத்தார் சிலர் கருதினர். என் கருத்தைக் கேட்டால், தரையில் நடப்பது உறுதி. பனை ஏறுவதற்குத் தால்டார்ஃபின் சொல்லே சாட்சி என்பேன். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அதன் விஞ்ஞானப் பெயரான ‘அனாபஸ்’ என்பது, மேலேறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அமைந்தது. குளக்கரையில் தமிழர் வழங்கிய பெயரே கிரேக்க உடை அணிந்து உலகைச் சுற்றி வருகிறது.

மாணவர்களே, இங்கே ஒரு புதிர் உண்டு. பனையேறி காற்றைச் சுவாசிக்கும் மீன். அதன் செவிள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு உண்டு. அதில் காற்றை நிரப்பிக்கொள்கிறது. நீரின் மேற்பரப்புக்கு வரவொட்டாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்துவிடும். காற்றை உண்டு, தரையில் நடக்கும் இம்மீன்தானா மீன்களுள் நமக்கு மிக நெருங்கியது? ஏணியை நம்புகிறவர் ஆம் என்பார். மீனுக்கும் தவளைக்கும் நடுவே ஒரு படி கிடைத்துவிட்டது என்று மகிழ்வார்.

விடை சொல்ல, ஏணியைக் கீழே வைத்துவிட வேண்டும். சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில் இருப்பது ஒரே ஒரு படம். அது கிளைகிளையாகப் பிரியும் மரம் போன்றது. ஒத்த இயல்புகள் ஏன் உள்ளன என்னும் வினாவுக்கு, அவை பொது முன்னோரிடமிருந்து வந்தவை என்பதே அவர் விடை. வகைப்பாடு என்பது இதனால் வம்சாவளி ஆயிற்று. எது உயர்ந்தது என்னும் கேள்வி போய், எது எதனோடு எப்போது பிரிந்தது என்னும் கேள்வி வந்தது.

அம்மரத்தில் பனையேறியைத் தேடினால், அது விராலுக்கு அருகில் அமர்ந்திருக்கிறது. விராலும் காற்றை உண்ணும் மீனே. தேளி மீனும் காற்றை உண்கிறது. ஆனால் அது கெளுத்திக் குலத்தது. வேறு வழியில், வேறு உறுப்பால் அதே வித்தையைக் கற்றுக்கொண்டது. சேறும் குறைந்த நீரும் உள்ள இடத்தில் வாழ வேண்டிய தேவை ஒன்றாக இருந்ததால் செயலும் ஒன்றாயிற்று. தொழில் ஒத்திருப்பதால் இருவர் உறவினர் ஆகிவிடுவதில்லை. பனையேறியின் மூச்சு உறுப்புக்கும் நம் நுரையீரலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் அதே மீனின் வயிற்றுக்குள், எவர் கண்ணிலும் படாமல், மிதப்பதற்குப் பயன்படும் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. அதுவும் நம் நுரையீரலும் பண்டைய மீன் ஒன்றின் ஒரே உறுப்பிலிருந்து இருவேறு வகையாக வளர்ந்தவை! உறவு நாம் தேடிய இடத்தில் இல்லை. தேடாத இடத்தில் இருந்தது. மீன்களுள் நமக்கு மிக நெருங்கியவை ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் வாழும் நுரையீரல் மீன்கள். நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிடப் பசுமாடு நெருங்கிய உறவு என்றால் நம்பக் கடினந்தான், ஆயினும் உண்மை.

இத்தகைய வியப்புகள் வயலைச் சுற்றி இன்னும் உண்டு. வைக்கோற்போரில் முளைக்கும் காளானைத் தாவரம் என்றே நெடுங்காலம் எண்ணினர். அது முளைத்த வைக்கோலைக் காட்டிலும், அதைப் பறிக்கும் கைக்கே காளான் நெருங்கிய உறவு. கறையானை எறும்போடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். அதுவோ கரப்பான்பூச்சியின் குலம்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் இந்தியா உட்பட்ட பன்னாட்டுக் குழு ஒன்று 2005இல் படித்து வெளியிட்டது. நெல்லின் மரபணுக்கள் ஏறத்தாழ 37,000 என்று அக்குழு கணக்கிட்டது. மனிதனுக்கு உள்ள மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஓரறிவுயிர் என்று அடிப்படியில் நிறுத்தப்பட்ட நெல், இக்கணக்கில் நம்மை மிஞ்சிவிட்டது. ஓடிப் பிழைக்க முடியாமல் நின்ற இடத்திலேயே வெயிலையும் வெள்ளத்தையும் பூச்சியையும் சமாளிக்க வேண்டியதற்கு அத்தனை கருவிகள் தேவைப்பட்டன போலும். நெல்லின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்து ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எனினும் இரண்டின் மரபுச் செய்தியும் நான்கே எழுத்துகளால், ஒரே நெடுங்கணக்கில் எழுதப்பட்டுள்ளது. சிம்பன்சியும் நாமும் பிரிந்தது 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஒப்பிடத்தக்க பகுதிகளில் அதன் எழுத்துகளும் நம் எழுத்துகளும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஒன்றே.

ஏணியை உயிர்நூல் கைவிட்டது. மனிதர் அவ்வளவு எளிதில் கைவிடவில்லை. லின்னேயஸே மனித இனத்தைக் கண்டங்களின்படியும் நிறத்தின்படியும் நான்காகப் பிரித்தார். 1758இல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தையும் ஒட்டிவைத்து, தம் கண்டத்தாருக்கு நல்ல குணத்தை வைத்துக்கொண்டார். விலங்குகளைப் பிரிப்பதில் அத்தனை கூர்மை காட்டியவர், மனிதரைப் பிரிக்கும்போது ஊர்ப் பேச்சை எழுதிவைத்தார். அதன் தீய பயனை உலகம் இருநூறு ஆண்டு அனுபவித்தது.

நம் நாட்டில் அடுக்கு வேறு வகையில் அமைந்தது. முதலில் நான் சொன்ன களையெடுக்கும் பெண்ணை மறந்திருக்க மாட்டீர்கள். நெல்லையும் களையையும் விரலால் பிரித்தறிந்த அவளையும் அவள் குடும்பத்தையும் ஊர் ஓர் ஏணியின் அடிப்படியில் நிறுத்தி, பண்ணையாள் என்று பெயரிட்டு, அப்பெயர் பிறப்பிலேயே எழுதப்பட்டது என்று சொல்லிவந்தது. தஞ்சைப் பண்ணையாட்களின் பாதுகாப்புக்காக 1952இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மரபணு நூல் இவ்வடுக்கைப் பற்றிக் கூறுவது சுருக்கமானது. பூமியில் எந்த இரண்டு மனிதரை எடுத்து ஒப்பிட்டாலும், ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து அளவிலேதான் வேறுபாடு. வரப்பில் நின்றவரையும் சேற்றில் நின்றவரையும் பிரித்துக் காட்டும் நாக்கோ காதோ எந்த உடலிலும் இல்லை.

வகைப்பாடு முடிந்துபோன நூல் அன்று. புளோக் சேகரித்த மீன்கள் பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஐயம் எழும்போது ஆராய்ச்சியாளர் அவற்றை எடுத்துப் பார்க்கின்றனர். பெயர்கள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. கறிவேப்பிலையை 1825இல் பெர்கெராவிலிருந்து எடுத்து ‘முரேயா’ என்னும் பேரினத்தில் சேர்த்தனர். பாடநூல்கள் பல அப்பெயரையே சொல்கின்றன. மரபணுச் சான்றுகளைப் பார்த்த தாவர நூலார் பலர், லின்னேயஸ் வைத்த இடமே சரியென்று அதைத் திரும்பவும் பெர்கெராவுக்கு அனுப்பிவிட்டனர். இவ்வளவு இடமாற்றத்திலும் பின்னொட்டாக நிற்கும் கோனிக்கின் பெயர் மட்டும் செடியை விட்டுப் போகவில்லை.